முகப்பும் முற்றமும்: யாழ்ப்பாணத்து நீதிமன்றக் கட்டடங்கள் பற்றி ஒரு மறுநோக்கு

நீதிமன்றக் கட்டடமொன்றைப் பற்றிக் கற்றோர் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் அதன் முகப்போடு நின்றுவிடுகிறது. தூண்கள் எத்தனை, அவை தோரிய மரபினவா அயோனிய மரபினவா, விதானம் எத்துணை உயரம், வளைவுகள் எந்நாட்டிலிருந்து வந்தவை என்பன போன்ற வினாக்கள் எழுகின்றன, விடைகளும் கிடைக்கின்றன. ஆயின், அக்கட்டடத்திற்கு வழக்கோடு வருபவர் எங்கே நிற்கிறார், வெயிலில் நிற்கிறாரா நிழலில் நிற்கிறாரா, உள்ளே பேசப்படுவது அவருடைய செவிக்கு எட்டுகிறதா, எட்டினால் விளங்குகிறதா என்று கேட்பார் இல்லை. கட்டடக்கலை வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவதிற் பெரும்பகுதி ஆள்வோரின் முகப்புக்குப் பாடப்படும் மெய்க்கீர்த்தியே எனின் அது மிகையன்று.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மரபுரிமை பற்றிய ஆர்வம் பெருகியிருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. நூலகம் எரிந்த மண்ணில், எஞ்சிய கல்லையேனும் காப்போம் என்று எழும் உணர்வைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இவ்வார்வத்தின் கிளையொன்று வேறு திசையில் வளர்கிறது. கோட்டையை அண்டி நின்று போரிலே சிதைந்துபோன பழைய நீதிமன்றங்களை எண்ணி அது ஏங்குகிறது. நீதியின் மாண்பு அந்தச் சுவர்களிலும் தூண்களிலுமே குடிகொண்டிருந்தது போலவும், சீமெந்துப் பெட்டிகளாக எழும் இன்றைய தொகுதிகளோடு அம்மாண்பு மறைந்துவிட்டது போலவும் அது பேசுகிறது. இந்த ஏக்கம் யாருடைய ஏக்கம் என்பது ஆராயத்தக்கது. சட்டத்தரணியின் மேசையிலிருந்து பார்த்தோர்க்கு அக்கட்டடம் ஒருவிதமாகவும், புளிய மரத்தடியில் உறுதிக் கட்டோடு குந்தியிருந்தோர்க்கு வேறுவிதமாகவும் தோன்றியிருக்கும் அல்லவா?

உடுவிலிலிருந்து நோக்கினால் இது தெளிவாகும். அவ்வூரில் நீதிமன்றம் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வந்தோர் எழுப்பிய கட்டடங்களுக்கு அங்கு குறைவும் இல்லை. 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த பல்தேயஸ் பாதிரியாரின் நூலிலே வலிகாமத்துக் கோவிற்பற்றுகளுள் ஒன்றாக உடுவில் இடம்பெறுகிறது. 1820 இல் அமெரிக்க மிசனரிமார் அங்கு தமது தளத்தை அமைத்தனர். ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824 இல் தொடக்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையே உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. வேதம் ஊருக்குள் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. சட்டம் மட்டும் வரவில்லை. சட்டத்தைத் தேடி மக்களே காங்கேசன்துறை வீதியேறிச் சுன்னாகத்தைக் கடந்து மல்லாகத்திற்குப் போனார்கள். ஆங்கிலேயர் காலத்திலேயே மல்லாகத்திலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் சிறு நீதிமன்றங்கள் இருந்தன, பெரிய வழக்காயின் யாழ்ப்பாணம், மேன்முறையீடாயின் கொழும்பு, 1971 வரையில், பணமும் ஆயுளும் மிஞ்சியோர்க்கு இலண்டன். 'கோடு கச்சேரியென்று அலைந்தான்' என்ற ஊர்ப் பேச்சு இந்தத் தூரத்திற் பிறந்ததே. 'கோடு' என்ற சொல்லைக் கேட்கும்போது தமிழ் படித்தோர்க்கு வேறொரு பொருளும் நினைவுக்கு வரும். கோடுதல் என்றால் ஒருபக்கம் சாய்தல்; நடுவுநிலைமை பேசவந்த வள்ளுவர் 'கோடாமை' என்றார். ஊர்மக்கள் அறிந்து செய்த சிலேடையோ அறியாது செய்ததோ, பொருத்தமானதாகவே அமைந்துவிட்டது.

உடுவிலுக்கு வந்த மிசனரிமாரின் நாட்டிலே கவுண்டி நீதிமன்றம் பல இடங்களில் ஊரின் நடுச் சதுக்கத்தில் நிற்கிறது. காணி உறுதி பதிவதும் அங்கே. வரி கட்டுவதும் அங்கே. சந்தை கூடுவதும் அதன் சுற்றாடலிலே. அதனையும் புனிதமாகக் கருதவேண்டியதில்லை. பிற்ஸ்பேர்க்கில் 1888 இல் நிறைவுற்ற அலகெனி கவுண்டி நீதிமன்றம், றிச்சட்சன் என்ற கட்டடக் கலைஞரின் பெரும்படைப்பென்று போற்றப்படுவது, தெருவுக்கு மேலே ஒரு கற்பாலத்தால் பழைய சிறைச்சாலையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையேயுள்ள உறவை அந்தப் பாலம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மையேனும் அதற்கு உண்டு.

யாழ்ப்பாணத்தில் அவ்வுறவு கோட்டையின் வடிவிலேயே எழுதப்பட்டது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1680 அளவில் அதனை ஐங்கோணமாகத் திருத்தி அமைத்தனர். அங்கு வதிந்த கொமாண்டரின் ஆட்சியின் கீழேயே யாழ்ப்பாணத்து நீதிச் சபையும் இயங்கிற்று. வணிகக் கம்பனி ஒன்று வரியும் வாங்கி, வியாபாரமும் செய்து, தீர்ப்பும் வழங்கிய காலம் அது. மக்களின் காணிகளைத் தோம்பிலே பதிந்தவர்களும் அவர்களே. அத்தோம்பைச் சான்றாக வைத்து வழக்குத் தீர்த்தவர்களும் அவர்களே. இதன் உச்சம் தேசவழமை. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தத் திசாவை, இம்மண்ணின் வழமைகளைத் தொகுத்து ஒல்லாந்த மொழியில் எழுதினார். பின்னர் அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் பார்த்து, சரியென்றனர். தமிழருடைய வழமை தமிழருக்கே மொழிபெயர்ப்பாகத் திரும்பி வந்தது! பன்னிருவரும் எந்தச் சமூகப் படியில் நின்று 'சரி' என்றனர் என்பதும் மனங்கொளத்தக்கது. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அத்தொகுப்பிலே உள்ளன. அவ்விதிகளுக்கு உட்பட்டோரில் எவரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

1806 இல் ஆங்கிலேயர் தேசவழமைக்கு முழுச் சட்ட வலுவளித்தனர். 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம், சாள்ஸ் ஹே கமரனின் விதப்புரைகளைத் தழுவி, மாவட்ட நீதிமன்றங்களை நிறுவிற்று. கோட்டைக்கு உள்ளிருந்து நீதி மெல்ல மெல்லக் கோட்டைக்கு வெளியே வந்தது. ஆனால் வெளியே வந்தபோது அது கோட்டையின் குணத்தைக் களைந்துவிட்டா வந்தது? நீதிமன்ற அறையின் உள்ளமைப்பை நோக்குக. நீதிபதியின் ஆசனம் உயரத்தில். அதற்குத் தனி வாயில். அதன் கீழே எழுதுவினைஞர். எதிரே சட்டத்தரணிகளின் மேசை. சாட்சிக்கு ஒரு கூடு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஒரு கூடு. வழக்காளியாகிய பொதுமகனுக்கோ கடைசி வாங்கு, அல்லது விறாந்தை, அல்லது முற்றம். குற்றவாளிக் கூடு என்பது நீதியோடு உடன்பிறந்த பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது இங்கிலாந்தில் 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளிற் பரவலாகிய தச்சுவேலை. அமெரிக்க நீதிமன்றங்களிற் பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் சட்டத்தரணியின் அருகிலேயே அமர்கிறார். தீர்ப்புக்கு முன்னரே ஒருவரைக் கூட்டிலடைத்துக் காட்டும் வழக்கத்தை மாண்பென்று போற்றுவது, பழகிப்போன விலங்கை நகையென்று கருதுவதையே ஒக்கும்.

கொழும்பிலும் சென்னையிலும் இது பேரளவில் நிகழ்ந்தது. புதுக்கடை என்று தமிழர் வழங்கும் ஹல்ஸ்டொர்ப், 1656 இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்பின் பெயரைத் தாங்கியது. அங்கு தூண்வரிசையுடைய பழைய மன்றங்களுக்கு அண்மையிற் சீன உதவியோடு எழுந்த உயர்நீதிமன்றத் தொகுதி எண்கோண வடிவும் சரிந்த கூரையுமாகக் கண்டிய மரபை நினைவூட்ட முயல்கிறது. தூணுக்குப் பதிலாகக் கூரை. ஐரோப்பிய மன்னனுக்குப் பதிலாகச் சிங்கள மன்னன். முற்றத்தில் நிற்பவருக்கு என்ன வேறுபாடு? சென்னை உயர்நீதிமன்றமோ 1892 இல் திறக்கப்பட்டது. இந்தோ-சரசனிக் பாணியின் சிகரங்களுள் ஒன்று. அதன் நடுக்கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கமும் எரிந்தது. எம்டன் கப்பல் 1914 இல் குண்டு வீசிய கதையையும் அக்கட்டடத்தோடு சேர்த்தே சொல்வர். கடலிற் போகும் கலங்களுக்கெல்லாம் ஒளி காட்டிய அம்மன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்க வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 இல் தீர்மானம் நிறைவேற்றிற்று; அது இன்னும் கைகூடவில்லை.

அவ்வளாகத்திலேயே மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சிலை வைத்தோர் அக்கதையின் உட்பொருளைக் கவனித்தனரோ தெரியவில்லை. கன்றை இழந்த பசு அடித்த மணிதான் அக்கதையின் உயிர். இலங்கையிலும் அக்கதை உண்டு. அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டவன் என்று மகாவம்சம் கூறும் எல்லாளனின் படுக்கைத் தலைமாட்டில் ஒரு மணி. அதிலிருந்து நீண்டதொரு கயிறு. நீதி வேண்டுவோர் எவரும் இழுக்கலாம். பகையரசனாகக் காட்டவந்த நூலே இதனை மறைக்க இயலாது பதிந்திருக்கிறது. தமிழரின் நினைவில் தங்கியுள்ள நீதிமன்றக் கட்டடக்கலை இந்தக் கயிறு ஒன்றே என்று சொல்லலாம். அக்கதையில் அரண்மனைத் தூண்களுக்கு வேலை இல்லை. தெருவுக்கும் தீர்ப்புக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறுக்கிய கயிற்றுக்கே வேலை. கண்ணகி பாண்டியன் முன்னிலைக்குச் செல்லும்போதும் இளங்கோ முதலில் நிறுத்துவது வாயிலோனையே. உள்ளே போக முடிந்ததா என்பதுதான் வினா.

இவ்விடத்தில் எதிர்ப்பக்கத்தில் நிற்போர்க்கும் ஒரு சொல் கூறவேண்டும். அந்நியக் கட்டடங்கள் எல்லாம் வேண்டாம், மன்றம் என்ற சொல்லே ஊர்ப்பொதுவிடத்து மரநிழலைக் குறித்ததன்றோ, அந்த நிழலுக்குத் திரும்புவோம் என்போர் சிலர் உளர். இனிமையான கனவு. சுந்தரரின் ஆளோலை வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் எவ்வாறு விசாரிக்கப்பட்டது என்று சேக்கிழார் விரிவாகவே கூறுகிறார்: படியோலை, மூலவோலை, கையெழுத்து ஒப்புநோக்கல் என்று சாட்சியச் சட்டத்தின் நுட்பங்கள் யாவும் அங்குள. ஆனால் ஒருவன் தலைமுறை தலைமுறையாக அடிமை என்று நிறுவுவதற்கே அந்நுட்பங்கள் பயன்பட்டன. அங்கு ஆண்டவன் இறைவனாதலின் அடியார்க்கு அது பேறு. யாழ்ப்பாணத்தில் ஆண்டவர்கள் இறைவர் அல்லர். 1844 வரை சட்டப்படி அடிமைகள் இங்கிருந்தனர். மர நிழலில் கூடிய மன்றங்களில் அவர்கள் எந்நிழலில் நின்றனர்? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தடுக்கப்பட்டோர் தேடிப்போனது ஊர்ப்பெரியோரின் திண்ணையையன்று. அவ்விவகாரம் 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வழக்காகி, இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. அந்நியமான, உயரமான, கூடுகள் நிறைந்த அந்நீதிமன்றமே அவர்களுக்கு இழுப்பதற்கொரு கயிற்றைக் கொடுத்தது. இவ்வுண்மையை விழுங்கிவிட்டு மரநிழலைப் பாடுவது, ஆண்ட சாதியின் கனவை எல்லார் கனவாகவும் விற்பதேயாம்.

ஆகவே கட்டடத்தைத் தூக்கியெறிவதன்று கோரிக்கை. அதன் உள்ளும் புறமும் மாறவேண்டும் என்பதே.

மொழியை எடுத்துக்கொள்வோம். 1961 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்றங்களுக்குள் கொண்டுவர வழிசெய்தது. 1988 இல் நிறைவேறிய 16 ஆம் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு ஆங்கிலத்தின் பின் கிடைத்த வெற்றி இது, சிறிதன்று. ஆயினும் முன்தீர்ப்புகள் அடங்கிய சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில். மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் தமிழிலுள்ள வழக்கேடு பெயர்க்கப்பட வேண்டும். தேசவழமை ஒல்லாந்தத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ந்தது போல, இன்று தமிழிற் சொல்லப்பட்ட சாட்சியம் ஆங்கிலத்துக்குப் பெயர்கிறது. சட்டத்தைத் தமிழில் எழுத இயலாது என்பார்க்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 19 ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாக்கினார் என்பதே போதிய விடை.

அண்மையில் நிகழ்ந்த ஒன்று. சுன்னாகம் மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை வலிகாமம் மறந்திருக்காது. குடிநீரை இழந்தோரின் முறைப்பாடு மல்லாகம் நீதிமன்றத்திலும் எழுந்தது. கொழும்பு உயர்நீதிமன்றம் 2019 ஏப்பிரிலில் அளித்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு நிறுவனத்திற்குக் கட்டளையிட்டது. சூழல் வழக்குகளில் இது முக்கியமான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில் அமைந்த நீண்ட தீர்ப்பு. கிணற்றுக்கு உரியவர் அதனை வாசிக்க வேண்டுமானால் இன்னொருவரின் வாயை நம்பியே இருக்கவேண்டும்.

இனி முற்றத்துக்கு வருவோம். உடுவிலைச் சேர்ந்த பெண்ணொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கற்பனைப் பெண்தான், ஆனால் அவளைப் போன்றோர் வடக்கிலே பலர். கணவன் போரிற் காணாமற் போனவன். சீதனமாய் வந்த நாலு பரப்புக் காணி அவள் பெயரில். மகளின் படிப்புக்கோ திருமணத்துக்கோ அதனை விற்க எண்ணுகிறாள். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சம்மதம் தரவேண்டியவன் எங்கே? கணவனின் இருப்பிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி வேண்டலாம் என்று 8 ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆக, தன் காணியைத் தான் விற்பதற்குத் தன் கணவன் இல்லை என்பதை அவள் நீதிமன்றத்திலே சொல்ல வேண்டும். இச்சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை; மாற்றாமலிருப்பது வெட்கக்கேடு. 'எமது தனித்துவச் சட்டம்' என்று தேசவழமையைத் தூக்கிப்பிடிப்போர் இந்தப் பிரிவின் முன் வாய் திறப்பதில்லை. ஆனால் மாறும் வரையில் அவள் வந்து நிற்கப்போவது அந்தக் கட்டடத்தின் முன்னேதான். எங்கே நிற்பாள்? யாரும் கேட்காத இடத்திலே தன் சட்டத்தரணியோடு நாலு சொல் பேச ஓர் அறை உண்டா? கைக்குழந்தையோடு வந்தவள் பாலூட்ட மறைவிடம் உண்டா? தவணை தள்ளிப்போயிற்று என்பதை அவளுக்கு எவர், எந்தக் குரலில் அறிவிப்பார்? காணி வழக்குகளோ தலைமுறை தாண்டுபவை. இடம்பெயர்ந்த காலத்திற் பிறர் ஆட்சிசெய்த காணிகளை மீட்க 2016 இல் தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்ததும் நினைவுகூரத்தக்கது. அச்சட்டம் அளித்த காலமோ இரண்டே ஆண்டு. அந்த இரண்டாண்டில் எத்தனை பேர் மல்லாகத்தின் வாயிலைத் தாண்டினர் என்பதைத் தூண்களின் உயரம் கூறாது.

2015 மே மாதத்திலே புங்குடுதீவு மாணவியின் கொலையால் கொதித்த கூட்டமொன்று யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதிமீது கல்லெறிந்தது. அச்செயல் கண்டிக்கத்தக்கதே. ஆனால் அன்றைய கண்டன உரைகளில் ஒன்றேனும், அந்த மக்கள் ஏன் அக்கட்டடத்தைத் தமதென்று எண்ணவில்லை என்று கேட்கவில்லை. 2017 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே மூன்று நீதிபதிகள் கூடி அவ்வழக்கை முடித்துத் தீர்ப்பளித்தபோது அதே மக்கள் வெளியே அமைதியாகக் காத்திருந்து செவிமடுத்தனர். இரண்டுக்கும் இடையே சுவர் மாறவில்லை. நீதி அவர்களின் ஊருக்கு வந்து, அவர்களின் மொழியில் நடந்தது, அவ்வளவே.

யாழ்ப்பாணத்துக் கொத்தருக்கும் தச்சருக்கும் காத்திருப்போரைக் கருதிக் கட்டத் தெரியாதா? வழிப்போக்கனுக்காகவே வீட்டு வாயிலிலே கூரையும் குந்தும் வைத்துச் சங்கடப்படலை அமைத்த மண் இது. பருத்தித்துறைத் தெருமூடிமடம் தெருவின் குறுக்கே கூரையை நீட்டி, போவோர் வருவோர் எவராயினும் நிழலைக் கடந்தே போகும்படி நிற்கிறது. உடுவிலின் அயலிலேயே மருதனார்மடம், மடத்தைப் பெயரிலேயே சுமக்கிறது. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொணரும் முறையைக் கட்டடக்கலை மாணவர் படங்கீறிப் படிக்கின்றனர். இவற்றிலிருந்து ஓர் ஓட்டைத்தானும் எடுத்து நீதிமன்றத்தில் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. எடுக்கப்படுவதெல்லாம் முகப்புக்கு ஒட்டும் அலங்காரமே. இனிக் கட்டப்படும் மன்றமொன்றில் குற்றவாளிக் கூட்டை நீக்கி, வழக்காளியின் வாங்கை முன்னே இழுத்து, அன்றைய வழக்குகளின் வரிசையைத் தெளிந்த தமிழிலே வாயிலில் எழுதி, சங்கடப்படலையின் அளவிலேனும் ஒரு கூரையை வீதியோரம் நீட்டினால் நீதியின் மாண்புக்கு என்ன குறைந்துவிடும்?

பழைய தூண்களை மீள நிறுத்தவேண்டுமென்று மனு எழுதுவோர் எழுதட்டும். மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில், காலை ஒன்பது மணிக்கு முன்னதாக மல்லாகம் நீதிமன்ற வாயிலில் ஒருமுறை நின்று, முதற் பேருந்தில் வந்து இறங்குவோர் எங்கே போய் ஒதுங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.